அட்வான்ஸ்

ஆறு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும்.
சாமான் ஏற்றிய குட்டியானை
தாரமங்கலம் போய்ச் சேர்ந்திருக்கும்.
மிச்சம் நான், ஒரு பிளாஸ்டிக் வாளி,
கிழித்த வேட்டித் துணி ஏழு,
அர்த்தநாரியிடம் மாட்டியிருக்கும் நாற்பதாயிரம்.

மேலிருந்து தொடங்க வேண்டும்.
தரையை முடித்துவிட்டு ஃபேனைத் துடைக்கிறவள்
தரையை இரண்டு தரம் துடைப்பாள்.
பழைய தலையணை உறையை
இறக்கைக்கு மாட்டி இழுத்தேன்.
உள்ளே விழுந்தது வெள்ளக்கல் தூசி,
ஜாகீர் அம்மாபாளையத்துக் காற்று
நாலு வருஷமாய்ப் பூசிவிட்ட பவுடர்.
அள்ளினால் ஒரு கைப்பிடி மலை.

ஜன்னல் கண்ணாடியை
வெயில் இருக்கும்போது தொடக்கூடாது,
துடைக்கத் துடைக்கக் காய்ந்து கோடு விழும்.
மேற்கு ஜன்னலைக் காலையிலேயே முடித்தேன்,
நேற்றைய பேப்பரைக் கசக்கி.

குழாயில் போர் தண்ணி உப்பு,
கல்லாகவே ஆகிப்போன உப்பு.
வினிகரில் நனைத்த துணியை
சளி பிடித்த பிள்ளைக்குச் சுற்றுகிற மாதிரி
கழுத்தில் சுற்றிவிட்டேன். ஒரு மணி நேரம்.
கீழே ஒரு கிண்ணம்.
மொசைக்கில் சொட்டினால் மினுக்கம் போகும்,
போனால் போனதுதான்.

ஆசிட் தரட்டுமா என்றாள் பக்கத்து வீட்டுக் கோகிலா.
ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்
ஒரே பாத்ரூமில் சந்தித்தால் என்னாகும் என்று
அவளைவிடத் தெரிந்தவர் யார்?
போன ஆடியில் கண் எரிந்து நெஞ்சடைத்து
தெருவில் உட்கார்ந்து இருமியவள் அவள்தான்.
இருந்தாலும் கேட்கிறாள்.

சிங்க் எவர்சில்வர்.
உற்றுப் பார்த்தால் அதற்கும் வாரிய தலைபோல
ஒரு போக்கு உண்டு.
அந்தப் போக்கில்தான் தேய்க்க வேண்டும்,
கம்பி நார் ஆகாது.
எதிர்த்துத் தேய்த்தால் கீறிக்கொள்ளும்.
நானும் அப்படித்தான் என்று
மாதேஷிடம் ஒருமுறை போனில் சொன்னேன்.
லாரி ஓசூர் தாண்டிக்கொண்டிருந்தது.
சிக்னல் இல்லை.

அடுப்பு மேடை கடப்பைக்கல்,
எலுமிச்சை தாங்காது.
எண்ணெய்க் கறைக்கு மரவள்ளி மாவைக் குழைத்து
ராத்திரியே அப்பி வைத்திருந்தேன்.
காலையில் சுரண்ட,
கறை மாவுக்குக் குடிபோயிருந்தது.

ஹால் சுவரில் ஒரு வட்டம்.
மாசத்தில் நாலு நாள் வீட்டிலிருக்கும் மனுஷன்
சாய்ந்து சாய்ந்து தலையால் வரைந்தது.
டிஸ்டெம்பர் சுவர், தண்ணீர் படக்கூடாது.
உலர்ந்த மாவை ஒற்றி, விட்டு, தட்டினேன்.
மறுபடி. மறுபடி.
வட்டம் இளைத்ததே தவிரப் போகவில்லை.
எதிர் வெளிச்சத்தில் நின்றால்தான் தெரியும்.
எதிர் வெளிச்சத்தில் போய் நின்றேன்,
கொஞ்ச நேரம்.

அஞ்சரைக்கே வந்துவிட்டார் அர்த்தநாரி,
பின்னால் ஆத்தூரிலிருந்து
வீடு பார்க்க வந்த புருஷனும் பெண்சாதியும்.
"பாத்தீங்களா, புது வீடு மாதிரி" என்றார்.
எங்களுக்கு ஏழாயிரம்.
அவர்களுக்கு ஒம்பதாயிரம் என்றார்.
நடுவிலிருந்த ரெண்டாயிரம்
இன்றைக்கு நான் தேய்த்தது.

பிறகு சுவரை எண்ணினார்.
ஆணி ஓட்டை ஆறு, ஐயாயிரம் பிடிப்பாராம்.
நாலு ஓட்டை நாங்கள் வரும்போதே இருந்தது என்றேன்.
அப்படியா என்றார்,
ரேஷன் கடைத் தராசு பேசுகிற குரலில்.
முப்பத்தஞ்சை எண்ணி வைத்தார்.
வட்டம் அவர் கண்ணில் படவே இல்லை.

அந்தப் பெண் குழாயை விரலால் தடவி
தன் முகத்தை அதில் பார்த்துவிட்டு
என்னிடம் மெதுவாகக் கேட்டாள்,
"என்னங்க போட்டீங்க?"
வினிகர் என்றேன், ஒரு மணி நேரம்,
கிண்ணம் வைக்க மறந்துறாதீங்க.

அவள் புருஷன் ஷூவைக் கழற்றவில்லை.
ஈரம் காயாத மொசைக்கில்
வாசலிலிருந்து சமையலறை வரை
பதினோரு தடம்.
கை தானாகத் துணியைத் தேடியது, குனிந்தேன்.
சாவி ஏற்கெனவே அர்த்தநாரி விரலில்
சுற்றிக்கொண்டிருந்தது.

வாளி என்னுடையது.
எடுத்துக்கொண்டேன்.